மசோதா தூங்கியது! பசி தூங்கவில்லை!

அமெரிக்கா பணக்கார நாடு. அந்த நாட்டில் 2020-ம் ஆண்டு ஏப்ரல் 9-ந் தேதி நடந்த ஒரு சம்பவத்தின் படம் உலகம் முழுவதும் பத்திரிகைகளில் வெளியாயிற்று.

டெக்சாஸ் மாநிலத்தில் சான் அன்டோனியோ என்று ஒரு நகரம் இருக்கிறது. அங்கே ஒரு பெரிய திறந்த வெளியில் ஆயிரக்கணக்கான கார்கள் வரிசை வரிசையாக நின்றன. அவற்றில் வந்தவர்கள் திருவிழா பார்க்க வந்தவர்கள் அல்ல. தர்ம ஸ்தாபனம் ஒன்று இலவசமாகக் கொடுத்த உணவுப் பொருள்களை வாங்க வந்தவர்கள்!

காரில் வந்து தானம் வாங்குவதா? கார், வேலை இருந்த காலத்தில் வாங்கியது. வேலை போய்விட்டது. காரைத் தின்ன முடியாது அல்லவா?

வேலை ஏன் போயிற்று? கொரோனா நோய் ஏன் அவர்கள் அடுப்பை அணைத்தது? அரசாங்கம் என்ன செய்தது? எங்கே தவறியது? இந்த விவரங்களை எல்லா நாட்டு மக்களும் தெரிந்துகொள்ள வேண்டும். ஏனென்றால், கொள்ளை நோய் மறுபடியும் வரக்கூடியது.

கடைகள் மூடின

உலக சுகாதார ஸ்தாபனம் 2020 மார்ச் 11-ந் தேதி, கொரோனா உலகம் தழுவிய தொற்று நோய் என்று அறிவித்தது. இரண்டு நாள் கழித்து, அமெரிக்க ஜனாதிபதி டிரம்ப் தேசிய நெருக்கடி நிலையைப் பிரகடனம் செய்தார்.

நோய் பரவாமல் இருக்க ஓட்டல்கள், சினிமாக் கொட்டகைகள், முடிவெட்டும் கடைகள் எல்லாம் மூடப்பட்டன. கடை மூடினால் முதலாளிக்கு வரும்படி இல்லை. தொழிலாளிக்குக் கூலி இல்லை.

அமெரிக்காவில் வேலை இழந்தவர்கள் சர்க்காரிடம் மனுப் போட்டால் சில மாதம் உதவிப் பணம் கிடைக்கும். அதற்கு முன்பு ஒரே வாரத்தில் 7 லட்சம் பேர் மனுப் போட்டதே கிடையாது. 1982-ம் ஆண்டுப் பொருளாதார மந்தத்தில்கூட அந்த எண்ணிக்கை 7 லட்சத்தை எட்டவில்லை. ஆனால் 2020 மார்ச் 21-ந் தேதி முடிந்த வாரத்தில் மனுப் போட்டவர்கள் சுமார் 33 லட்சம் பேர்! அதற்கு அடுத்த வாரத்தில் அதைப்போல் இரண்டு மடங்கு!

மார்ச், ஏப்ரல் இரண்டே மாதத்தில் சுமார் 2 கோடியே 20 லட்சம் வேலைகள் போய்விட்டன.

இரண்டே வாரத்தில் சட்டம்

அமெரிக்கப் பாராளுமன்றத்துக்குக் காங்கிரஸ் என்று பெயர். அதில் இரண்டு சபைகள் உண்டு. ஒன்று பிரதிநிதிகள் சபை. மற்றொன்று செனட் சபை. வழக்கமாக, இரண்டு சபைகளும் ஏற்றுக்கொண்டு, ஜனாதிபதியும் கையெழுத்துப் போட்டால் ஒரு மசோதா சட்டம் ஆகும்.

அங்கே இரண்டு பெரிய கட்சிகள் இருக்கின்றன. ஒன்று குடியரசுக் கட்சி. ஜனாதிபதி டிரம்ப் அந்தக் கட்சியைச் சேர்ந்தவர். செனட் சபையும் அப்போது அந்தக் கட்சியின் கையில் இருந்தது. மற்றொன்று ஜனநாயகக் கட்சி. பிரதிநிதிகள் சபை அந்தக் கட்சியின் கையில் இருந்தது. எலியும் பூனையும் போன்ற கட்சிகள்!

ஆனாலும், அந்த மார்ச் மாதத்தில் இரண்டும் ஒன்று சேர்ந்தன. மார்ச் 25-ந் தேதி செனட் சபையில் ஓட்டு எடுக்கப்பட்டது. ஆதரவு 96 ஓட்டு. எதிர்ப்பு ஒரு ஓட்டுகூட இல்லை! மார்ச் 27-ந் தேதி பிரதிநிதிகள் சபையும் நிறைவேற்றியது. போதிய உறுப்பினர்கள் நேரில் இல்லை என்று ஓர் உறுப்பினர் ஆட்சேபம் கிளப்பினார். மசோதா நின்றுவிடக் கூடாது என்று, நோய்ப் பயத்தையும் பாராமல் உறுப்பினர்கள் பல ஊர்களில் இருந்து காரிலும் விமானத்திலும் தலைநகருக்கு விரைந்து வந்திருந்தார்கள். அன்றைக்கே ஜனாதிபதி கையெழுத்துப் போட்டார்.

நெருக்கடி நிலையை அறிவித்த 14-வது நாளில் சட்டம் வந்துவிட்டது. அதன் மதிப்பு சுமார் 2 லட்சத்து 20 ஆயிரம் கோடி டாலர்.

யாருக்கு என்ன கிடைத்தது?

வருட வருமானம் 75 ஆயிரம் டாலருக்குள் உள்ள ஒவ்வொருவருக்கும் 1,200 டாலர். குழந்தைக்கு 500 டாலர். ஏப்ரல் நடுவிலேயே இந்தப் பணம் பலருடைய பாங்கிக் கணக்கில் ஏறிவிட்டது.

வேலை இழந்தவர்களுக்கு, வழக்கமான உதவிப் பணத்துடன் வாரம் 600 டாலர் கூடுதலாகக் கிடைத்தது. அதுவரை உதவியே கிடைக்காத ஒரு கூட்டம் இருந்தது. சொந்தமாக வாடகைக் கார் ஓட்டுகிறவர், வீடு வீடாகச் சாப்பாடு கொண்டு போய்க் கொடுப்பவர், சிறு தொழில் செய்பவர். இவர்களுக்கும் முதல் தடவையாக உதவி கிடைத்தது.

ஆட்களை வேலையை விட்டு நீக்காத சிறு கம்பெனிகளுக்கு 34,900 கோடி டாலர் கடன் ஒதுக்கப்பட்டது. சம்பளம் கொடுக்கச் செலவு செய்தால் அந்தக் கடனைத் திருப்பிக் கட்ட வேண்டியது இல்லை. இரண்டே வாரத்தில் அவ்வளவு பணமும் தீர்ந்துவிட்டது! காங்கிரஸ் ஏப்ரல் மாதமே மேலும் பணம் ஒதுக்கியது.

600 டாலர் ஏன்?

எல்லோருக்கும் ஒரே மாதிரி 600 டாலர் ஏன் என்ற கேள்வி எழலாம். வேலை இழந்த தொழிலாளியின் சராசரிக் கூலிக்கும், அவருக்கு வழக்கமாகக் கிடைக்கும் உதவிப் பணத்துக்கும் உள்ள வித்தியாசம் சுமார் 600 டாலர். அதைக் கொடுத்துவிட்டால் பழைய வருமானம் குறையாது என்று கணக்குப் போட்டார்கள்.

அவரவர் கூலிக்குத் தக்கபடி கொடுத்திருக்கலாமே? அங்கேதான் சிக்கல். பல மாநிலங்களில் உதவி இலாகாவின் கம்ப்யூட்டர்கள் மிகப் பழையவை. ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்குப் போட அவற்றால் முடியாது. நியூஜெர்சி மாநில கவர்னர் பில் மர்பி, பழைய கம்ப்யூட்டர் மொழி தெரிந்தவர்கள் உதவிக்கு வர வேண்டும் என்று பகிரங்கமாக வேண்டுகோள் விடுத்தார். சந்திரனுக்கு மனிதனை அனுப்பிய நாட்டில் இந்த நிலை!

இப்படி எல்லோருக்கும் ஒரே தொகை கொடுத்ததால், குறைந்த கூலிக்காரர்கள் பலருக்குப் பழைய கூலியைவிட உதவிப் பணம் அதிகமாக இருந்தது. பின்னால் வந்த சண்டைக்கு இதுவே ஒரு காரணம் ஆயிற்று.

வறுமை குறைந்தது!

பணம் போன பிறகு நடந்ததுதான் அதிசயம். இவ்வளவு பேருக்கு வேலை போயும், சர்க்கார் உதவியையும் சேர்த்துப் பார்க்கும் கணக்கின்படி, அமெரிக்காவில் வறுமை குறைந்தது. 2019-ம் ஆண்டில் 100 பேரில் சுமார் 12 பேர் ஏழைகளாக இருந்தார்கள். 2020-ல் அது 9 ஆகக் குறைந்தது. 1,200 டாலர் போன்ற நேரடி உதவிப் பணம் மட்டும் 1 கோடியே 17 லட்சம் பேரை வறுமைக் கோட்டுக்கு மேலே தூக்கிவிட்டது என்று அமெரிக்க ஜனத்தொகைக் கணக்கு இலாகா கூறியது.

இதில் மாயம் ஒன்றும் இல்லை. வேலை இல்லாதவர் கையில் பணம் வந்தால் அவர் பூட்டி வைப்பது இல்லை. வீட்டு வாடகை கொடுப்பார். மளிகைக் கடைக்குப் போவார். மளிகைக் கடைக்காரர் தம் கடைப் பையனுக்குச் சம்பளம் கொடுப்பார். ஒருவர் செலவு, இன்னொருவர் வருமானம்.

ஜூலையில் நின்றது

சட்டத்தில் ஒரு வரி இருந்தது. வாரம் 600 டாலர் ஜூலை மாதக் கடைசியோடு நின்றுவிடும் என்பதே அது. அதற்குள் நோய் ஒழிந்துவிடும் என்று நினைத்தார்கள். நோய் காலண்டர் பார்த்து வருவது இல்லை! ஜூலையில் கொரோனா தென் மாநிலங்களில் கடுமையாகப் பரவிக்கொண்டிருந்தது. 100-க்கு 10 பேருக்கு மேல் வேலை இல்லாமல் இருந்தார்கள். அந்த நேரம் பார்த்துப் பணம் நின்றது.

காங்கிரஸ் என்ன செய்துகொண்டிருந்தது?

பிரதிநிதிகள் சபை மே 15-ந் தேதியே ஒரு மசோதாவை நிறைவேற்றியது. சுமார் 3 லட்சம் கோடி டாலர் திட்டம். செனட் சபை அதை எடுத்துக்கொள்ளவே இல்லை. தொகை மிக அதிகம், முதலில் கொடுத்த பணம் என்ன பலன் தருகிறது என்று பார்க்கலாம் என்றார்கள் குடியரசுக் கட்சியினர். ஜூலை 27-ந் தேதி அவர்கள் ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். அதன் மதிப்பு 1 லட்சம் கோடி டாலர். 600 டாலருக்குப் பதில் 200 டாலர் என்றார்கள். இது போதாது என்றார்கள் ஜனநாயகக் கட்சியினர்.

சண்டை முக்கியமாக இரண்டு விஷயத்தில். மாநிலங்களுக்கும் நகர சபைகளுக்கும் பணம் வேண்டும், இல்லாவிட்டால் ஆசிரியர்களுக்கும் தீயணைக்கும் படையினருக்கும் வேலை போகும் என்றது ஜனநாயகக் கட்சி. கொரோனா தொற்றியதற்காகக் கம்பெனிகள் மீது யாரும் வழக்குப் போட முடியாதபடி பாதுகாப்பு வேண்டும் என்றது குடியரசுக் கட்சி. இரண்டு பக்கமும் நியாயம் பேசின. இரண்டு பக்கமும் இறங்கி வரவில்லை.

கை நழுவிய மாதங்கள்

ஆகஸ்டு 8-ந் தேதி ஜனாதிபதி டிரம்ப் ஓர் உத்தரவு போட்டார். புயல், வெள்ளத்துக்கு வைத்திருந்த நிதியில் இருந்து வாரம் 300 டாலர் கொடுக்க ஏற்பாடு ஆயிற்று. அது ஆறு வாரத்துக்கு மேல் தாங்கவில்லை.

செப்டம்பர் மாதம், வாடகை கொடுக்க முடியாதவர்களை வீட்டை விட்டு வெளியேற்றக் கூடாது என்று சுகாதார இலாகா உத்தரவிட்டது. நல்ல உத்தரவுதான். ஆனால் வாடகைப் பாக்கி தள்ளுபடி ஆகவில்லை. மாதா மாதம் ஏறிக்கொண்டே போயிற்று.

செப்டம்பர் 10-ந் தேதி செனட் சபையில் ஒரு சிறிய மசோதா வந்தது. ஆதரவு 52. எதிர்ப்பு 47. மேற்கொண்டு நகர 60 ஓட்டு தேவை. மசோதா விழுந்தது. அக்டோபர் 6-ந் தேதி, தேர்தல் முடியும் வரை பேச்சு இல்லை என்று ஜனாதிபதி அறிவித்தார். அன்றைக்குத்தான் அமெரிக்க மத்திய வங்கித் தலைவர் ஜெரோம் பவல் எச்சரிக்கை விட்டார். உதவி குறைந்தால் குடும்பங்கள் வீணாகக் கஷ்டப்படும், உதவி கொஞ்சம் கூடிவிட்டால் அதனால் வரும் ஆபத்து சிறியதே என்பது அவர் பேச்சின் சாரம்.

நவம்பர் 3-ந் தேதி தேர்தல் நடந்தது. குளிர் காலம் வந்தது. நோய் இன்னும் கடுமையாயிற்று.

வீடுகளில் என்ன நடந்தது? வேலை இழந்தவர்கள், 600 டாலர் வந்த காலத்தில் கொஞ்சம் மிச்சம் பிடித்து வைத்திருந்தார்கள். ஒரு பெரிய வங்கியின் ஆராய்ச்சிப் பிரிவு கணக்குப் பார்த்தது. அந்தச் சேமிப்பில் மூன்றில் இரண்டு பங்கு ஆகஸ்டு ஒரே மாதத்தில் கரைந்துபோயிருந்தது! மே மாதத்துக்குப் பிறகு சுமார் 80 லட்சம் பேர் புதிதாக வறுமையில் விழுந்தார்கள் என்று கொலம்பியா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் அக்டோபரில் மதிப்பிட்டார்கள். முதல் சட்டம் தூக்கிவிட்டவர்களில் பலரை, இரண்டாவது சட்டம் வராதது கீழே தள்ளிவிட்டது.

டிசம்பரில் நடந்தது என்ன?

டிசம்பர் 21-ந் தேதி, சுமார் 90 ஆயிரம் கோடி டாலர் நிவாரணம் அடங்கிய மசோதா நிறைவேறியது. தலைக்கு 600 டாலர். வேலை இல்லாதவர்களுக்கு வாரம் 300 டாலர். மற்ற வரவு செலவுகளும் சேர்ந்து, அந்த மசோதா 5,593 பக்கம்!

செனட் சபையில் அதற்குக் கிடைத்த ஆதரவு 92 ஓட்டு. எதிர்ப்பு 6 ஓட்டு.

மாதக் கணக்கில் சண்டை போட்ட இரண்டு விஷயங்களும் என்ன ஆயின? மாநிலங்களுக்குப் பொது நிதி: மசோதாவில் இல்லை. கம்பெனிகளுக்கு வழக்குப் பாதுகாப்பு: அதுவும் இல்லை. இரண்டையும் ஒதுக்கி வைத்துவிட்டு, இரண்டு கட்சிக்கும் சம்மதமானதை மட்டும் நிறைவேற்றினார்கள்!

இதை ஆகஸ்டிலேயே செய்திருக்கலாமே? செய்திருக்கலாம். ஐந்து மாதம் வீணாயிற்று. அந்த ஐந்து மாதமும் சாப்பாட்டு வேளை தவறாமல் வந்துகொண்டுதான் இருந்தது.

சோதனை அதோடும் தீரவில்லை. 600 டாலர் போதாது, 2,000 டாலர் வேண்டும் என்று ஜனாதிபதி கையெழுத்துப் போட மறுத்தார். டிசம்பர் 26-ந் தேதியோடு, ஒரு கோடிக்கு மேற்பட்டவர்கள் பெற்று வந்த உதவிக்குக் கெடு முடிந்தது. மறுநாள் அவர் கையெழுத்துப் போட்டார். அதற்குள் கெடு தாண்டிவிட்டதால், பல மாநிலங்களில் பணம் வர மேலும் தாமதம் ஆயிற்று.

மறுபக்கமும் உண்டு

உதவி கொடுப்பதில் குறையே இல்லையா? உண்டு. அதையும் பார்க்க வேண்டும்.

முதலாவது, மோசடி. அவசரத்தில் சரிபார்க்காமல் கொடுத்ததால், திருடர்கள் பிறர் பெயரில் மனுப் போட்டுப் பணம் பறித்தார்கள். வேலை இழந்தோர் உதவியில் மட்டும் 10 ஆயிரம் கோடி டாலர் முதல் 13,500 கோடி டாலர் வரை மோசடியில் போயிருக்கும் என்று காங்கிரசின் தணிக்கை அலுவலகம் 2023-ல் மதிப்பிட்டது. சிறிய தொகை அல்ல!

இரண்டாவது, விலைவாசி. 2021 மார்ச் மாதம், புதிய ஜனாதிபதி பைடன் மேலும் 1 லட்சத்து 90 ஆயிரம் கோடி டாலர் திட்டத்தில் கையெழுத்துப் போட்டார். அது செனட் சபையில் 50-க்கு 49 என்று ஒரே ஓட்டு வித்தியாசத்தில் நிறைவேறியது. 2022 ஜூனில் விலைவாசி ஒரு வருடத்தில் 100-க்கு 9 வீதம் ஏறிவிட்டது. 40 ஆண்டில் காணாத ஏற்றம். சரக்குப் போக்குவரத்துத் தடையும், உக்ரைன் யுத்தமும் காரணம். கையில் பணம் அதிகமாகப் புழங்கியதும் ஒரு காரணமே.

மூன்றாவது, சோம்பேறித்தனம் வளரும் என்ற பயம். இந்தப் பயம் பெரும்பாலும் மெய்ப்படவில்லை. 600 டாலர் வந்த காலத்தில் வேலைக்குப் போகாமல் இருந்தவர்கள் அதனால் மட்டும் அப்படி இருக்கவில்லை. அந்தப் பணத்தின் பாதிப்பு சிறியதே என்று ஆராய்ச்சிகள் காட்டின. வேலை இருந்தால்தானே போவதற்கு?

முதல் இரண்டு குறைகளுக்கும் காரணம் உதவி அல்ல, உதவிக்கு முன் ஏற்பாடு இல்லாததுதான். வீடு தீப்பற்றிய பிறகு கிணறு வெட்டினால் தண்ணீரும் நேரத்துக்கு வராது, வெட்டுகிற கூலியும் இரட்டிப்பு ஆகும்.

ஜெர்மனி செய்தது

முன் ஏற்பாடு என்றால் என்ன? ஜெர்மனியைப் பார்த்தால் தெரியும். அங்கே வெகு காலமாகவே ஒரு திட்டம் உண்டு. கம்பெனிக்கு வியாபாரம் படுத்துவிட்டால், தொழிலாளியை நீக்க வேண்டாம், வேலை நேரத்தை மட்டும் குறைத்தால் போதும். குறைந்த கூலியில் 100-க்கு 60 பங்கைச் சர்க்கார் கொடுக்கும். குழந்தைகள் உள்ளவருக்கு 67 பங்கு.

கொரோனா வந்ததும் ஜெர்மன் பாராளுமன்றம் புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்க வேண்டி வரவில்லை. 2020 மார்ச் 13-ந் தேதி, இருந்த திட்டத்தின் விதிகளைத் தளர்த்தியது. ஏப்ரலில் சுமார் 60 லட்சம் தொழிலாளர்கள் அந்தத் திட்டத்தில் இருந்தார்கள். வேலை போகவில்லை. கம்பெனி திறந்ததும் அதே நாற்காலியில் போய் உட்கார்ந்தார்கள்.

அமெரிக்காவிலும் யோசனைக்குப் பஞ்சம் இல்லை. கிளாடியா சாம் என்ற பொருளாதார நிபுணர் 2019-ம் ஆண்டிலேயே ஒரு வழி சொன்னார். வேலையில்லாதவர் எண்ணிக்கையை மாதா மாதம் கவனிக்க வேண்டும். மூன்று மாதச் சராசரி, முந்தைய ஓர் ஆண்டின் குறைந்த அளவைவிட 200-க்கு ஒருவர் வீதம் கூடிவிட்டால், அது ஆபத்து மணி. மணி அடித்ததும் மக்களுக்குத் தானாகப் பணம் போக வேண்டும். யாரும் புதிய மசோதா கொண்டுவர வேண்டியது இல்லை.

2020-ல் நோய் வந்தபோது அந்த யோசனை ஏட்டில்தான் இருந்தது.

உறுப்பினர்கள் செய்ய வேண்டியது

அமெரிக்காவில் ஆனாலும் சரி, வேறு எந்த நாட்டில் ஆனாலும் சரி, சட்டம் செய்கிறவர்கள் இந்த அனுபவத்தில் இருந்து நான்கு காரியங்களைக் கற்க வேண்டும்.

ஒன்று: நிவாரணச் சட்டத்தை நோய் இல்லாத காலத்திலேயே எழுதி வைக்க வேண்டும். வேலையில்லாதவர் எண்ணிக்கை ஏறினால் உதவி தொடங்க வேண்டும். இறங்கினால் உதவி குறைய வேண்டும். தேதி போட்டு நிறுத்தக் கூடாது. இப்படிச் செய்தால் தேவைக்கு மேல் பணம் கொட்டுவதும் நிற்கும். விலைவாசி பற்றிக் கவலைப்படுகிறவர்களுக்கும் இதுவே பாதுகாப்பு.

இரண்டு: சொந்தத் தொழில் செய்பவர், அன்றாடக் கூலிக்காரர் ஆகியோரின் பெயரையும் வருமானத்தையும் இப்போதே பதிவு செய்ய வேண்டும். கம்ப்யூட்டர்களைப் புதுப்பிக்க வேண்டும். பெயர் சரியாக இருந்தால் திருடன் நுழைய முடியாது. உரியவருக்கும் பணம் உடனே போகும்.

மூன்று: இரண்டு கட்சியும் ஒப்புக்கொண்டதை முதலில் நிறைவேற்ற வேண்டும். ஒப்புக்கொள்ளாததைப் பிறகு பேசலாம். 2020 டிசம்பரில் 92 ஓட்டுக் கிடைத்த வழி இதுதான்.

நான்கு: பலன் தரும் உதவியை, கெடு முடிந்துவிட்டது என்று கைவிடக் கூடாது. 2021-ல் ஆறு மாத காலம், குழந்தைகள் உள்ள குடும்பங்களுக்குக் குழந்தைக்கு 250 டாலர் அல்லது 300 டாலர் மாதா மாதம் அனுப்பினார்கள். அந்த ஆண்டில் ஏழைக் குழந்தைகள் 100-க்கு 5 என்று குறைந்தார்கள். டிசம்பரோடு கெடு முடிந்தது. செனட் சபையில் போதிய ஓட்டு இல்லாததால் நீட்டிக்கவில்லை. 2022-ல் அது 100-க்கு 12 ஆக ஏறிவிட்டது.

சட்டசபையில் விவாதம் வேண்டும். எதிர்க் கட்சி வேண்டும். கணக்குக் கேட்க ஆள் வேண்டும். யாரும் மறுக்கவில்லை. ஆனால், அந்த விவாதம் நோய் வருவதற்கு முன்பு நடக்க வேண்டும். வந்த பிறகு நடந்தால், அதற்கு ஆகும் செலவை விவாதிக்கிறவர்கள் கொடுப்பது இல்லை. உணவு வரிசையில் காத்திருக்கிற குடும்பம் கொடுக்கிறது.